வாதத்தின் வகை, அது எங்கே உடையும் என்பதில் தெரியும்

உய்த்தறிதல், தொகுத்தறிதல் என்று பாடத்தில் படித்த வகைகள் நினைவிருக்கின்றன, ஆனால் வீட்டிலும் அலுவலகத்திலும் காதில் விழும் பேச்சில் எது எந்த வகை என்று பிரிக்க வரவில்லை, எதை வைத்துப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வராததற்குப் பாதிக் காரணம் அந்தப் பாடம்தான். பொதுவிலிருந்து தனிக்கு இறங்கினால் உய்த்தறிதல், தனியிலிருந்து பொதுவுக்கு ஏறினால் தொகுத்தறிதல் என்று சொல்லித் தருகிறார்கள். இதை வைத்துக்கொண்டு அன்றாடப் பேச்சுக்குள் நுழைந்தால் முதல் வாக்கியத்திலேயே வழுக்கும். 'சாவி பையில் இருக்கும், இல்லாவிட்டால் மேசையில், பையில் இல்லை, அப்படியானால் மேசையில்தான்.' இதில் பொது விதி எதுவும் இல்லை, ஒரு சாவியைப் பற்றிய பேச்சுதான். ஆனாலும் இது அப்பழுக்கற்ற உய்த்தறிதல். 'இவர் இதுவரை சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை, நாளைக்கும் வரமாட்டார்.' இது தனியிலிருந்து தனிக்கே போகிறது, ஆனால் தொகுத்தறிதல்.

திசையை விட்டுவிடுங்கள். வேறொரு கேள்வி கேளுங்கள். சொன்ன காரணங்கள் அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொண்டால், அதற்குப் பிறகும் முடிவு பொய்யாக இருக்க வழி உண்டா? வழியே இல்லையென்றால் உய்த்தறிதல். அப்படிப்பட்ட வாதத்தின் மேல் எத்தனை புதுச் செய்தி வந்து விழுந்தாலும் காரணத்துக்கும் முடிவுக்கும் இடையிலுள்ள கட்டு தளராது. மறுக்க நினைப்பவர் காரணங்களில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும்: 'வண்டியிலேயே விட்டிருக்கலாமே, பை, மேசை இரண்டு மட்டும்தானா?' வழி உண்டு என்றால், அடுத்த கேள்வி: எந்த மாதிரிச் செய்தி வந்தால் இந்த முடிவைக் கைவிடுவீர்கள்? அந்தச் செய்தியின் தன்மை வாதத்தின் வகையைச் சொல்லிவிடும்.

'நிச்சயமாக', 'அநேகமாக' போன்ற சொற்களை அடையாளமாகக் கொள்ளலாம் என்று சில கையேடுகள் சொல்லும். நான் அதை நம்புவதில்லை. 'சத்தியமாச் சொல்றேன்' என்று ஒருவர் ஆரம்பிப்பது பெரும்பாலும் ஆதாரம் மெலிந்திருக்கும் இடத்தில்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 'ஏனென்றால்' வந்த இடமெல்லாம் வாதம் இல்லை. 'விளக்கு எரியவில்லை, ஏனென்றால் மின்சாரம் போய்விட்டது' என்பது விளக்கம். விளக்கு எரியாதது இருவருக்கும் தெரியும், காரணம் மட்டும் சொல்லப்படுகிறது. 'மின்சாரம் போய்விட்டது, ஏனென்றால் எந்த வீட்டிலும் விளக்கு எரியவில்லை' என்பதுதான் வாதம். கேட்பவர் இன்னும் ஏற்காத ஒன்றை ஏற்கவைக்கும் முயற்சி. இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. கேட்பவருக்கு எது ஏற்கெனவே தெரியும் என்று பார்த்தால் பிரிந்துவிடும்.

வகைகளைக் காட்ட நவீனப் பாடநூலைவிட மணிமேகலை எனக்கு வசதி. 27ஆம் காதையில் அளவைவாதி என்ற வைதிகத் தருக்கவாதி பத்து அளவைகளை, அதாவது ஒன்றை அறியும் வழிகளை, அடுக்குகிறார். அவற்றில் கருதல், அதாவது அனுமானம், மூன்றாகப் பிரிகிறது. காட்டில் ஒலியைக் கேட்டு அங்கே யானை உண்டு என்று அறிவது ஒன்று. ஆற்றில் வெள்ளத்தைப் பார்த்து மேலே மழை பெய்திருக்கிறது என்பது இன்னொன்று. கருக்கொண்ட முகிலைப் பார்த்து மழை பெய்யும் என்பது மூன்றாவது. இவை தவிர மீட்சி என்று ஓர் அளவையும் வருகிறது: இராமன் வென்றான் என்றதும் இராவணன் தோற்றான் என்று அறிவது.

இந்த நான்கையும் ஒவ்வொன்றாக உடைத்துப் பாருங்கள். போர் இருவருக்கும் இடையில் நடந்தது, ஒருவர் வென்றார் என்று ஒப்புக்கொண்டால் மற்றவர் தோற்றதை எந்தச் செய்தியாலும் மாற்ற முடியாது. முகிலிலிருந்து மழையைச் சொன்னவரைக் காற்று தோற்கடிக்கலாம். காரணம் இருக்கிறது, விளைவு தடைபட்டுவிட்டது. வெள்ளத்திலிருந்து மழையைச் சொன்னவரைக் காற்று ஒன்றும் செய்யாது. அவரைத் தோற்கடிப்பது இன்னொரு காரணம், அணை உடைந்திருக்கலாம் என்பது. ஒலியை வைத்து யானையைச் சொன்னவரை, அதேபோன்ற ஒலியை வேறொன்றும் எழுப்பும் என்ற செய்தி கவிழ்க்கும். முகிலுக்கும் வெள்ளத்துக்கும் முடிவு என்னவோ மழைதான், ஆனால் உடையும் இடம் வேறு வேறு. இரண்டையும் தொகுத்தறிதல் என்று ஒரே பெட்டியில் போட்டால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

அன்றாடப் பேச்சில் மிக அதிகமாக வருவதும், மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இந்த வெள்ளத்து வகைதான். விளைவைப் பார்த்துக் காரணத்தை ஊகிப்பது. மருத்துவர் காய்ச்சலைப் பார்ப்பதும், மெக்கானிக் இன்ஜின் சத்தத்தைக் கேட்பதும், தோழி பதில் அனுப்பாததை வைத்து நாம் மனக்கணக்குப் போடுவதும் இதுவே. அமெரிக்கத் தத்துவவாதி சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் 19ஆம் நூற்றாண்டில் இதைத் தொகுத்தறிதலிலிருந்து பிரித்துத் தனி வகையாக வைத்தார். இந்தியத் தருக்கத்தில் இதற்கு எதிர்ப்பும் பழையது. பழைய தருக்க நூலான நியாய சூத்திரத்தில் ஒரு மறுப்பு எழுப்பப்படுகிறது: ஆறு பெருகுவது தடுப்பினாலும் ஆகலாம், எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது (மழை வரப்போவதன் அடையாளம் என்பார்கள்) புற்று சிதைந்ததாலும் ஆகலாம், ஆகவே அனுமானமே நம்பத்தக்கதல்ல. இதற்கு வரும் பதில்தான் எனக்குப் பிடித்தது. மழையால் வந்த வெள்ளமும் தடுப்பால் பெருகிய நீரும் ஒன்றுபோல் இருக்காது. வேகம் கூடியிருக்கிறதா, நுரை இருக்கிறதா, இலையும் கட்டையும் அடித்து வருகிறதா என்று பார் என்கிறது உரை. குறை அனுமானத்தில் இல்லை, அரைகுறையாகப் பார்த்ததில்தான் என்பது அதன் சாரம்.

இந்த வகை வாதத்தைச் சோதிக்க வேண்டியதும் அப்படித்தான். 'நிரூபி' என்று கேட்பதில் பயனில்லை. இதே விளைவைத் தரக்கூடிய வேறு காரணங்கள் எவை, அவற்றுக்கும் இதற்கும் நடுவில் எந்தத் தடயம் வித்தியாசம் காட்டும் என்று கேட்க வேண்டும்.

எவ்வளவு கூர்மையான மூளையும் இங்கே சறுக்கும் என்பதற்கு வானியலில் ஒரு ஜோடி உதாரணம் உண்டு. யுரேனஸ் கணக்கிட்ட பாதையிலிருந்து விலகி ஓடியது. கண்ணுக்குத் தெரியாத வேறொரு கோள் இழுக்கிறது என்று ஊகித்து, அது எங்கே இருக்கும் என்றும் கணக்குப் போட்டார் பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே. 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லின் வானாய்வகத்தில் யோஹான் காலே என்ற வானியலாளர் தொலைநோக்கியைத் திருப்பியபோது, சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் நெப்டியூன் இருந்தது. புதன் கோளின் பாதையிலும் சின்ன முரண்பாடு ஒன்று இருந்தது; ஒரு நூற்றாண்டுக்கு ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். 1859இல் லெ வெரியே அதே வாதத்தை மறுபடி வைத்தார்: சூரியனுக்கு அருகே இன்னும் காணாத பொருள் இருக்கிறது. அதற்கு வல்கன் என்று பெயரும் வைத்து, பார்த்துவிட்டதாகச் சிலர் அறிவித்தும் ஆயிற்று. அப்படி ஒரு கோள் இல்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடு அந்த முரண்பாட்டைக் கோள் எதுவும் இல்லாமலே விளக்கிவிட்டது. அதே ஆள், அதே வடிவம், அதே கணிதத் திறமை. இரண்டாவது தடவை உண்மைக் காரணம் அப்போது யாருடைய பட்டியலிலும் இல்லை. விளைவிலிருந்து காரணத்துக்குப் போகும் எந்த வாதத்துக்கும் இந்தப் பலவீனம் உண்டு: நம் மனத்தில் தோன்றிய காரணங்களுக்குள் சிறந்ததைத்தான் அது தேர்ந்தெடுக்கும். வல்கன் வாதத்துக்குள் 'போன தடவையும் இப்படித்தான் இருந்தது' என்ற ஒப்புமை வேறு ஒளிந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

தருக்கப் பிழைகளின் பட்டியலை மனப்பாடம் செய்தவர்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. 'மழை பெய்தால் தரை நனையும், தரை நனைந்திருக்கிறது, மழை பெய்திருக்கும்' என்று யாராவது சொன்னால் உடனே பிழையின் பெயரைச் சொல்லி விசில் அடிப்பார்கள். உய்த்தறிதலாக எடுத்தால் அது பிழைதான். தண்ணீர்க் குழாய் உடைந்தும் தரை நனையலாம். ஆனால் சொன்னவர் உய்த்தறியவே இல்லையே. வெள்ளத்தைப் பார்த்து மழையைச் சொன்னார், அவ்வளவுதான். தெரு முழுக்க, கூரை உட்பட நனைந்திருந்தால் அது நல்ல வாதம். வாசலில் ஓர் ஓரம் மட்டும் நனைந்திருந்தால் மோசமான வாதம். வடிவத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். அதனால், குற்றம் சாட்டுவதற்கு முன் 'கட்டாயம் மழைதான் என்கிறீர்களா, மழையாக இருக்கும் என்கிறீர்களா?' என்று கேட்டுவிடுவது நல்லது. பாதி விவாதம் அந்தப் பதிலிலேயே முடிந்துவிடும்.

'இதைச் செய்த பிறகு அது நடந்தது, ஆகவே இதனால்தான் அது' என்பதும் இதே குடும்பம். பின்னால் வந்ததாலேயே விளைவு ஆகிவிடாது என்று எல்லாருக்கும் தெரியும். அப்படியானால் எப்போதுதான் ஒப்புக்கொள்வது என்பது தெரிவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பக்கம் வேண்டும். வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு மகப்பேறு பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பார்த்த முதல் பிரிவில் பிரசவக் காய்ச்சலால் இறந்தவர்கள், தாதிகள் பார்த்த இரண்டாவது பிரிவைவிட மிக அதிகம். அங்கே பணியாற்றிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் இரு பிரிவுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடுகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். நெரிசலா? அது இரண்டாவதில்தான் அதிகம். காற்றா, தட்பவெப்பமா? இரண்டுக்கும் ஒன்றே. சாகும் நிலையிலுள்ளவர்களைப் பார்க்க வரும் பாதிரியாரின் மணியோசை தரும் பயமா? அவர் மணியடித்துக்கொண்டு நடக்கும் வழியைக்கூட மாற்றிப் பார்த்தார்கள். பிரேதப் பரிசோதனையில் கத்திபட்டு இறந்த சக மருத்துவர் ஒருவரின் உடலில் அதே நோயின் குறிகளைக் கண்ட பிறகு, சவ அறையிலிருந்து வரும் மாணவர்களின் கைகளில்தான் காரணம் இருக்கிறது என்ற ஊகம் எழுந்தது. 1847இல் குளோரின் கரைசலில் கை கழுவவைத்ததும் மரணங்கள் சரிந்தன. கழுவிய பிறகு குறைந்தது என்பது மட்டும் இருந்திருந்தால் அது மெலிந்த வாதம். மற்ற வேறுபாடுகள் முன்பே நீக்கப்பட்டிருந்ததுதான் அதற்கு வலு. 'இந்த மாத்திரை சாப்பிட்டேன், சளி போய்விட்டது' என்பவரிடம் கேட்க வேண்டியதும் அந்த இன்னொரு பக்கத்தைத்தான்: சாப்பிடாதவர்களுக்குச் சளி எத்தனை நாளில் போனது?

பலவற்றைப் பார்த்துப் பொதுவாகச் சொல்லும் வாதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை பேரைப் பார்த்தாய் என்று எல்லாரும் கேட்கிறார்கள். யாரைப் பார்த்தாய் என்று கேட்பவர் குறைவு. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஏறக்குறைய ஒரு கோடி வாக்குச்சீட்டுகளை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்று, ஆல்ஃப் லாண்டன் என்ற வேட்பாளர் வெல்வார் என்றது. 48 மாநிலங்களில் 46ஐ அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் வென்றார். தொலைபேசிப் பட்டியல், கார் பதிவுப் பட்டியல் போன்றவற்றிலிருந்து பெயர்களை எடுத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அவை வசதியானவர்களின் பட்டியல். பதில் அனுப்ப மெனக்கெட்டவர்களும் எல்லாரையும் போன்றவர்கள் அல்ல. 'எனக்குத் தெரிந்த எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்' என்று சொல்லும்போது நாமும் இதையே சின்ன அளவில் செய்கிறோம்.

ஒப்புமையில் இரண்டு இனம் கலந்து கிடக்கிறது. 'எலிக்கு வேலை செய்த மருந்து மனிதனுக்கும் வேலை செய்யும்' என்பது ஊகம். அதைப் பொய்யாக்குவது அந்த மருந்து வேலை செய்யும் வழியில் இருக்கும் வேறுபாடு. எலிக்கு வால் உண்டு என்பது அல்ல. 'அண்ணனைப் போகவிட்டீர்கள், என்னையும் விடுங்கள்' என்பது ஊகமே இல்லை. அது ஒரே மாதிரி நடத்து என்ற நியாயக் கோரிக்கை. இதற்குப் பதிலாக 'நீ போனால் என்ன நடக்கும் தெரியுமா' என்று அம்மா ஆரம்பித்தால் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று பொருள். இரண்டு பேருக்கும் இடையில், நடத்தையில் வேறுபாடு காட்டத் தகுந்த காரணம் ஏதாவது இருக்கிறதா என்பதைத்தான் அவர் சொல்ல வேண்டும். வயது அப்படிப்பட்ட காரணமாக இருக்கலாம். ஆண், பெண் என்பது இருக்குமா என்பதில்தான் பல வீடுகளில் உண்மையான சண்டை.

பிறர் வாக்கை நம்பிச் சொல்லும் வாதம் இன்னொரு விதம். 'ஆளைத் தாக்காதே, கருத்தைத் தாக்கு' என்று பொன்மொழிபோல் சொல்கிறார்கள். பல இடங்களில் சரி, இங்கே சரியில்லை. ஒருவர் காரணங்களை அடுக்கிக் காட்டினால், அவர் எப்படிப்பட்டவர் என்பது தேவையற்றது. காரணங்கள் மேசைமேல் இருக்கின்றன, நீங்களே எடைபோடலாம். ஆனால் 'நான் பார்த்தேன், நம்பு' என்பவரிடமும் 'நான் நிபுணன், நம்பு' என்பவரிடமும் மேசைமேல் இருப்பது அவரே. அப்போது அவருக்குப் பார்க்க வாய்ப்பிருந்ததா, இது அவருடைய துறையா, அந்தத் துறையில் மற்றவர்கள் ஒத்துப்போகிறார்களா, இதில் அவருக்கு லாபம் உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, முறையான சோதனை. இதய மருத்துவர் பொருளாதாரம் பேசும்போது வெள்ளைக் கோட்டைப் பார்த்து மயங்குவதும், அவர் இதயத்தைப் பற்றிப் பேசும்போது 'டாக்டர் என்ன கடவுளா' என்று உதறுவதும், வகை தெரியாமல் செய்கிற காரியங்கள்.

'வேண்டும்', 'கூடாது' என்று முடியும் வாதங்களில் தேடவேண்டியது சொல்லாமல் விட்ட காரணத்தை. 'இந்தச் சிகிச்சை ஆயுளை நீட்டிக்கும், ஆகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.' எவ்வளவு நாள் வாழ்வோம் என்பது எப்படி வாழ்வோம் என்பதைவிட முக்கியம் என்பது நடுவில் விழுங்கப்பட்டிருக்கிறது. உள்ளதைச் சொல்லிக்கொண்டே வந்து திடீரென்று செய்யவேண்டியதற்குத் தாவுகிறார்கள் என்று ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1740இல் சுட்டிக்காட்டியது இந்த இடத்தைத்தான். குடும்பத்தில் ஒருவர் மருத்துவ அறிக்கைகளைக் காட்டக் காட்ட, நோயாளி தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே இருந்தால், அவருக்கு அறிக்கை புரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் மறுப்பது அந்த விழுங்கப்பட்ட வரியை. அதற்கு இன்னும் நான்கு அறிக்கைகள் கொண்டுவந்து பயனில்லை.

'இன்றைக்கு இதை விட்டால் நாளைக்கு அது, அப்புறம் எல்லாமே போய்விடும்' என்ற சங்கிலி வாதத்தைத் தனி வகையாக நான் வைப்பதில்லை. அது முகிலைப் பார்த்து மழை சொல்வதுதான், ஐந்து முறை தொடர்ச்சியாக. ஒவ்வொரு கண்ணியும் நடக்க 80 விழுக்காடு வாய்ப்பு இருந்தாலும் ஐந்தும் நடக்க 33 விழுக்காடுதான். அதற்காக எல்லாச் சங்கிலியும் பொய் என்று ஆகாது. எந்தக் கண்ணி மெலிந்தது என்று விரலை வைத்துக் காட்டுங்கள்.

உண்மையான பேச்சில் இவை தனித்தனியாக வராது. சக ஊழியர் ஒருவர் சொல்கிறார்: 'மேலாளர் ரெண்டு வாரமா யார்கிட்டயும் சரியாப் பேசல. ஆள் குறைக்கப் போறாங்க. போன கம்பெனியிலயும் இப்படித்தான் ஆச்சு. இப்பவே வேற வேலை தேடணும்.' நான்கே வாக்கியங்கள். முதலிலிருந்து இரண்டாவதுக்குப் போவது வெள்ளம். மேலாளருக்கு வீட்டில் ஏதாவது பிரச்சினை என்ற மாற்றுக் காரணம் அதை அசைக்கும். மூன்றாவது ஒப்புமை, போன நிறுவனம் நஷ்டத்தில் ஓடியதா, இது ஓடுகிறதா என்பது அதை அசைக்கும். நான்காவது, என்ன செய்யவேண்டும் என்பது. அதற்குள் 'தேவைப்படாவிட்டாலும் தேடி வைப்பதில் இழப்பு அதிகமில்லை' என்பது ஒளிந்திருக்கிறது. இந்தக் கடைசி வரி உண்மையானால், ஆள் குறைப்பு ஊகம் பாதி பலவீனமாக இருந்தாலும் முடிவு நிற்கும். அவரோடு மேலாளரின் மனநிலையைப் பற்றி ஒரு மணி நேரம் வாதிட்டு வென்றாலும் அவர் வேலை தேடத்தான் போவார். அதில் தவறும் இல்லை.